ஒக்டோபருக்கு எட்டுத் தாள்: மழை, ஓலை, வாசிப்பு

கேட்டவர் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறார். அலுவலக வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால், போன வருடம் 31 பெட்டி போட்ட அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினாராம். ஒரு நாள் வாசிப்பு, ஒரு நாள் கைவேலை, ஒரு நாள் படம் கீறுதல், ஒரு நாள் பூ பார்த்தல் என்று நிரப்பியிருக்கிறார். ஆறாம் நாளோடு நின்றுவிட்டது. "எனக்கு மனவுறுதி போதாதா? இந்த முறை எப்படிச் செய்யலாம்?" என்று கேட்கிறார்.

மனவுறுதியை விடுங்கள். பிழை அட்டவணையில்தான். 31 பெட்டிக்குள் 31 வேலை எழுதினால் 31 தடவை சாமான் தேட வேண்டும். வேலையால் வந்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணி வைத்து, பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்து முடிக்கும்போது ஏழரை மணி. அந்த நேரத்தில் கத்தரிக்கோல் எங்கே, பசை காய்ந்துவிட்டதா என்று தேடத் தொடங்கினால் கை தானாகப் போனுக்குத்தான் போகும். அதனால் இந்த மாதத்துக்கு நாலைந்து வேலை போதும். அதே வேலைகள் திரும்பத் திரும்ப வரட்டும். எல்லாச் சாமானும் ஒரே பிஸ்கற் பேணிக்குள் கிடக்கட்டும். பேணி அலுமாரிக்குள் போகக்கூடாது, நீங்கள் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில் கொப்பி. கடையில் வாங்கும் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி இந்த வேலைக்கு மொத்தம் கூட. பாதி வெறுமையாகக் கிடந்து, பார்க்கும்போதெல்லாம் குற்றம் சொல்லும். ஏ4 தாள் எட்டை நடுவில் மடித்தால் 16 இதழ், 32 பக்கம். ஒக்டோபருக்கு 31 நாள். நாளுக்கு ஒரு பக்கம் போக ஒரு பக்கம் மிஞ்சும், அது முகப்பு. கணக்கு இப்படிச் சரியாக வரும் மாதம் வருடத்தில் ஏழுதான்.

தாள்களை ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் மடிக்காதீர்கள். நாலு நாலாக மடித்து, மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுங்கள். ஏ4 தாளின் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே. அதனால்தான் மடிப்பு வெடித்தாற்போல் சொரசொரப்பாக வரும், கொப்பியும் மூடிக்கிடக்காமல் வாய் பிளக்கும். இரவு முழுக்க அரிசி வாளிக்கு அடியில் வைத்தால் அடங்கிவிடும். மேல் அட்டைக்குப் பழைய சுவர்க் கலண்டரின் தடித்த தாள் நல்லது. வழுக்கும் பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே போகட்டும். தினக்கலண்டரின் மட்டை மடியாது, உடையும்.

துளை மூன்று. மடிப்பின் நீளம் 21 சென்ரிமீற்றர். நடுவில் 10.5இல் ஒன்று, இரண்டு முனையிலிருந்தும் 3 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொன்று. கொப்பியை விரித்து மடித்த துவாய் ஒன்றின்மேல் வைத்து, உள்ளிருந்து வெளியே குத்துங்கள். வெளியிலிருந்து குத்தினால் ஊசி மடிப்பை விட்டு விலகி, உள்தாளில் துளை ஒரு பக்கம் போய்விடும். சாக்கு தைக்கும் ஊசி வேண்டாம், துளை பெரிதாகி நூல் ஆடும். தடித்த தையல் ஊசி போதும்.

நூல் 65 சென்ரிமீற்றர், அதாவது மடிப்பின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. முல்லைத்தீவுப் பக்கத்தில் வலைநூல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும். எடுத்துத் தைக்க ஆசையாகவும் இருக்கும். நைலோன் நூலில் முடிச்சு நிற்காது, இழுத்தால் தாளையும் வெட்டும். பருத்தித் தையல் நூலை இரட்டையாக எடுத்து, மெழுகுதிரியில் இரண்டு தடவை உரசி இழுங்கள். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே வாருங்கள், பத்து சென்ரிமீற்றர் வாலை உள்ளே விட்டுவிடுங்கள். வெளிப்பக்கமாக மேல்துளைக்குப் போய் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே வாருங்கள். வெளியிலிருந்து திரும்ப நடுத்துளையால் உள்ளே. இப்போது இரண்டு வாலும் உள்ளே நிற்கும், நடுவே நீளமான நூல் ஒன்று ஓடும். ஒரு வால் அந்த நூலுக்கு இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் நிற்க வேண்டும். நூலின்மேல் இறுக்கி முடியுங்கள். இரண்டு வாலும் ஒரே பக்கத்தில் நின்றால் முடிச்சுக்குப் பிடிமானமில்லை, ஒரு கிழமையில் தொளதொளக்கும். இறுக்கும்போது நூலை மடிப்பு ஓடும் திசையிலேயே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

முதல் தடவை நாற்பது நிமிடம் எடுக்கும். மூன்றாவது கொப்பிக்குப் பன்னிரண்டு நிமிடம். பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று தைக்கலாம், ஆனால் துளை குத்துவதை நீங்களே செய்யுங்கள்.

இந்தக் கொப்பியில் நாளுக்கு நாலு வரிக்கு மேல் எழுத வேண்டாம்: எவ்வளவு மழை, என்ன வாசித்தேன், என்ன கண்டேன், என்ன கேட்டேன். அவ்வளவுதான். குமிழ்முனைப் பேனையோ பென்சிலோ பாவியுங்கள். ஜெல் பேனையால் எழுதியது ஐப்பசி ஈரத்தில் ஊறிப் பரவும்.

மழையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஒக்டோபரில் வன்னியில் எல்லாரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்போக விதைப்பு அதை நம்பி நிற்கிறது. "நல்ல மழை", "சும்மா தூறல்" என்பதற்கு மேலே ஒருவரிடமும் இலக்கம் இருக்காது. உங்களிடம் இருந்தால் பக்கத்து வயல்காரர் வேலியடியில் நின்று விசாரிக்கத் தொடங்குவார். அது ஒரு தனிச் சந்தோசம்.

மழைமானிக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். இடுப்பு ஒடுங்கிய சோடாப் போத்தல் சரிவராது, பக்கம் நேராக இருக்க வேண்டும். தோள் வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சுற்றிவர வெட்டுங்கள். மேல்துண்டின் மூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாக அடித்துண்டுக்குள் புனல்போலச் செருகி, விளிம்புகளை ரேப்பால் ஒட்டுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் பிழைக்கும். கூழாங்கல் போட்டு, நேரான பக்கம் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் நிரந்தர மையால் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அதிலிருந்து மேலே அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் குறியுங்கள்.

கூடச் சரியாக வேண்டுமென்றால் கல் ஒன்றும் போடாமல், சேர்ந்த தண்ணீரை மருந்துக்கடையில் வாங்கும் 10 மில்லிலீற்றர் சிறிஞ்சால் உறிஞ்சி அளக்கலாம். வாயின் விட்டம் 9 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 64 சதுர சென்ரிமீற்றர். 6.4 மில்லிலீற்றர் தண்ணீர் 1 மில்லிமீற்றர் மழைக்குச் சமன். மழைக் காலையில் பிள்ளைகள் சிறிஞ்சோடு ஓடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வைக்கும் இடத்தில்தான் ஆட்கள் பிழை விடுவார்கள். கூரை இறப்புக்குக் கிட்ட வைத்தால் கூரைத் தண்ணீர் தெறிக்கும். மாமரத்தின் கீழ் வைத்தால் பாதி மழை இலையில் நின்றுவிடும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, வெளியான இடத்தில், நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் ஒரு கட்டையோடு கட்டிவிடுங்கள். நிலத்தில் வைத்தால் சேறு தெறித்து உள்ளே போகும், கோழி தட்டிவிடும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிட்டு, கல் போட்ட போத்தலென்றால் பூச்சியக் கோடுவரை, சிறிஞ்ச் கணக்கென்றால் முழுதாக, தண்ணீரைக் கொட்டுங்கள். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் காலை எட்டரையோடுதான் ஒரு நாளை முடிக்கிறது. அதே நேரத்தில் அளந்தால் வானொலியில் சொல்லும் இலக்கத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் போத்தலைக் குறை சொல்லாதீர்கள். ஒக்டோபர் மழை பெரும்பாலும் பின்னேர இடிமழை. ஒட்டுசுட்டானில் ஊற்றும்போது புதுக்குடியிருப்பில் புழுதி பறக்கும். இடி கேட்கும்போது மானியைப் பார்க்க வெளியே போகாதீர்கள், அது காலைவரை அங்கேயே நிற்கும்.

1 மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கருக்கு 4,000 லீற்றருக்குச் சற்று மேலே. 25 மில்லிமீற்றர் பெய்த அடுத்த நாள் இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

வாசிப்புக்கு வருவோம். வாசிப்பு மாதம் வந்தால் "பத்துப் புத்தகம் வாசிப்பேன்" என்று இலக்கு வைப்பவர்கள் இரண்டாவது புத்தகத்தின் நடுவில் நிற்பார்கள். புத்தகத்தை எண்ணாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள். சாதாரண நாவலின் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வையுங்கள். இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம். ஐந்து நாள் எப்படியும் தவறும்: ஒரு காய்ச்சல், ஒரு சாமத்தியவீடு, ஒரு விருந்தாளி, இரண்டு நாள் சும்மா. 26 நாளுக்கு 260 பக்கம். மெல்லிய நாவல் ஒன்றும், சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் பாதியும் முடியும். அது போதும்.

இரவில் வாசிப்பதாகத் திட்டம் போட்டால் மாரியில் கரண்ட் உங்களைக் கவிழ்க்கும். லாம்பு வெளிச்சத்தில் வாசிக்கலாம்தான், ஆனால் ஈசல் வந்து பக்கமெல்லாம் இறகு உதிர்க்கும். விடிய எழும்பி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை நாலு பக்கம், பஸ்ஸுக்கு நிற்கும்போது மூன்று, பிள்ளைகள் ரியூசனால் வரும்வரை மூன்று என்று உடைத்து வையுங்கள். இப்படி உடைத்து வாசிக்க நாவலைவிடச் சிறுகதை வசதி. நாவலென்றால் அத்தியாயம் சின்னதாக இருப்பதைத் தெரியுங்கள்.

எதை வாசிப்பது? இந்த மாதத்துக்காவது உங்கள் மண்ணில் நடக்கும் கதை ஒன்றை எடுங்கள். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. கதை தண்ணிமுறிப்பில் நடக்கிறது. புதுக்குடியிருப்பில் இருந்து வாசிப்பவருக்கும் கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கும் அது ஒரே புத்தகமாக இராது. காடு, குளக்கட்டு, வயல் என்று அதில் வருவதெல்லாம் உங்களுக்கு வழி சொல்லக்கூடிய இடங்கள். அச்சுப் பிரதி கிடைக்காவிட்டால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தேடுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாகத் தருகிறார்கள். பழைய சஞ்சிகைகளை அங்கே புரட்டத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது, கவனம். ஸ்கான் கோப்புகள் பெரிது. சிக்னல் நல்ல நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு, போனை விமான நிலையில் போட்டு வாசியுங்கள். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் ஒரு வரி முழு அகலத்துக்கு வரும். நிமிர்த்திப் பிடித்து விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும், மூன்றாம் பக்கத்தில் அலுத்துவிடும்.

பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவராக விண்ணப்பப் படிவமும் பிணையாளி ஒருவரின் கையெழுத்தும் கேட்பார்கள். இரவல் தவணை வழக்கமாக இரண்டு கிழமை. தடித்தது ஒன்றும் மெல்லியது ஒன்றும் எடுங்கள். இரண்டும் தடித்ததென்றால் இரண்டும் பாதியில் திரும்பிப் போகும். வீட்டில் புத்தகத்தை நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ அடுக்காதீர்கள். கறையான் சுவர் வழியாக ஏறி நடுப்புத்தகத்துக்குள் நுழைந்து, வெளி அட்டையை மட்டும் விட்டுவைக்கும். நாலு விரல் இடைவெளி விட்டு, வாங்கின்மேல் வையுங்கள். வேப்பிலை வைப்பதென்றால் நொறுங்கும்வரை காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சை இலை பூஞ்சணத்தைக் கூட்டிக்கொண்டு வரும்.

கைவேலைக்குப் பனையோலையைச் சொல்வேன். வாங்கச் செலவு குறைவு, பழுதானால் அடுப்புக்குப் போகும், பத்து நிமிடக் கணக்கில் விட்டு விட்டுச் செய்யலாம். ஆனால் ஒக்டோபரில் பச்சைக் குருத்தை வெட்டிக் காயவைத்துத் தொடங்குவது மடத்தனம். குருத்தோலையை விரித்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, பொழுதுபட முன் உள்ளே எடுக்க வேண்டும். பனி பட்டாலே நிறம் மங்கும், மழை பட்டால் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி எதற்கும் போகாது. ஆகவே பெட்டி, கடகம் இழைக்கும் அம்மா ஒருவரிடம் காய்ந்த ஓலையாகவே வாங்குங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். கிடுகுக்குப் போகும் தென்னோலை இதற்கு உதவாது. முற்றிய சாரோலையும் வேண்டாம், தொடக்கக்காரர் கையில் அது வெடிக்கும்.

தொடக்கத்திலேயே நீத்துப்பெட்டியோ சுளகோ நினைக்காதீர்கள். தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சின்னத் தடுக்கு, 10 சென்ரிமீற்றர் சதுரம். ஈர்க்கை நீக்கிய ஓலையை 1 சென்ரிமீற்றர் அகலமாகக் கிழித்து, 20 சென்ரிமீற்றர் நீளத்தில் இருபது துண்டு. அகலம் ஒரே அளவாக வராவிட்டால் பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சதுரம் சாய்ந்துவிடும். சவர பிளேட் துண்டு இரண்டைக் கட்டையொன்றில் சரியாக 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் பதித்து, ஓலையை அதற்கூடாக இழுத்தால் எல்லாம் ஒரே அகலம். விரலை பிளேட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஓலையைத் தண்ணீருக்குள் ஊறப்போட வேண்டாம். ஈரத்துணியில் அரை மணி சுற்றி வைத்தால் போதும். ஊறிய ஓலை உப்பும், அந்த நிலையில் நெருக்கமாகப் பின்னினாலும் காய்ந்த பிறகு சுருங்கி இடையில் வெளிச்சம் தெரியும். "இறுக்கித்தானே இழைத்தேன், ஏன் தளர்ந்தது?" என்பவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்த பிழை இதுதான்.

பத்துத் துண்டை நீட்டாகப் பக்கம் பக்கமாக வைத்து, மறுபத்தைக் குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழாகச் செலுத்துங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஐந்தை மேலே, ஐந்தைக் கீழே. ஓரத்திலிருந்து தொடங்கினால் முடியும் பக்கத்தில் வால் போதாமல் வரும். மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை நகத்தால் தள்ளி நெருக்குங்கள். முடிந்ததும் நாலு பக்கமும் 5 சென்ரிமீற்றர் வால் நிற்கும். ஒவ்வொரு வாலும் கடைசிக் குறுக்கோலைக்கு மேலாக வந்து நிற்கும், அல்லது கீழாக வந்து நிற்கும். மேலே நிற்பதைப் பின்பக்கம் மடியுங்கள், கீழே நிற்பதை முன்பக்கம் மடியுங்கள். மடித்ததை அந்த ஓலையின் கீழேயே, இரண்டாவது குறுக்கோலை இருக்கும் இடத்தில் செருகி, மிச்சத்தை வெட்டுங்கள். மாறி மடித்தால் கடைசிக் குறுக்கோலையைப் பிடிக்க ஒன்றும் இராது, அது அப்படியே கழன்று கையோடு வரும். செருகும் முன் ஓரத்துக்கு மறுபடி ஈரம் காட்டுங்கள், காய்ந்த ஓலை மடிப்பில் முறியும்.

நிறம் வேண்டுமென்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளும் கொஞ்ச உப்பும் போட்டு, ஓலையை இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் சில கிழமையில் வெளுக்கும், மஞ்சளின் குணம் அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மஞ்சள் ஏறிய ஓலையின் பாதியை அதில் தோயுங்கள். கண்ணுக்கு முன்னால் செங்காவி நிறமாக மாறும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும்போது நடப்பதும் இதுதான். ஒரே சாயத்தில் இரண்டு நிறம், தடுக்கில் கட்டம் போடப் போதும்.

பறவை பார்ப்பதற்குத் தனியாக வெளிக்கிட வேண்டியதில்லை. ஒக்டோபரில் வீதியோர மின்கம்பியில் வரிசையாகக் குந்தியிருக்கும் சின்னக் கரும் பறவைகளைக் கவனியுங்கள். வால் இரண்டாகப் பிரிந்து, தொண்டை செங்கபிலமாக இருந்தால் தகைவிலான். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்தவை. வயலோரக் கம்பியில் பச்சை உடம்பும் நீல வாலுமாக இருந்து, பறந்துபோய்த் தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பினால் அது நீலவால் பஞ்சுருட்டான், அதுவும் விருந்தாளிதான். ஆட்காட்டி உள்ளூர்க்காரன், வருடம் முழுக்க நிற்கும்.

குளத்துக்குப் போவதென்றால் மாதத்தின் தொடக்கத்தில் போங்கள். இரணைமடுவோ முத்தையன்கட்டோ, தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் ஓரங்களில்தான் உள்ளான்கள் மேயும். மழையில் குளம் நிறைந்தபின் அந்தச் சேறு மறைந்துவிடும், அவையும் வேறு இடம் பார்க்கும். காலை ஆறிலிருந்து எட்டுவரை, வெயில் முதுகில் படும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணாமல், பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் மற்றதை அளங்கள். வெறும் கண்ணே போதும், இரவலாக பைனாகுலர் கிடைத்தால் மேலும் நல்லது. பொழுதுபட்டபின் குளக்கட்டில் நிற்க வேண்டாம், யானை வரும் நேரம். தண்ணீர் விளிம்பிலும் நிற்காதீர்கள், முதலை உள்ள குளங்கள் இவை. காட்டோரத்தில் மிதிவெடி எச்சரிக்கையான சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால், அப்பால் எந்தப் பறவை இருந்தாலும் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கொப்பியின் நாலாவது வரி, "என்ன கேட்டேன்". இதுதான் நாள் போகப் போகப் பெறுமதி ஏறும் வரி. வன்னியில் வயலுக்கும் காட்டுக்கும் உரிய சொற்கள் ஏராளம். நெற்கதிரைச் சூடு மிதித்த களத்தில் மட்டும் வழங்கிய பேச்சே தனி. மாடு விட்டு மிதித்த காலம் போய் மெஷின் வந்தபின் அந்தச் சொற்கள் எழுபது வயதுக்காரரின் வாயில்தான் நிற்கின்றன. பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு, யானை பிடித்த அரியாத்தையின் கதை சொல்லும் வேலப்பணிக்கன் ஒப்பாரி போன்ற நாட்டார் பாடல்கள் வாயிலிருந்து ஏட்டுக்கும் அச்சுக்கும் வந்ததே யாரோ கேட்டு எழுதியதால்தான்.

கேட்கும் முறை முக்கியம். "அப்பு, இதுக்கு அந்தக் காலத்தில என்ன பேர்?" என்று கேட்டால் அவர் உங்கள் படிப்புக்கு மரியாதை கொடுத்து ஒரு புத்தகச் சொல்லைத் தேடித் தருவார். "அப்பு, அப்ப சூடு எப்பிடி மிதிச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொற்கள் வரிசையாகத் தாமாக வரும். இடையில் நிறுத்தி "அது என்ன?" என்று கேட்டால் ஓட்டம் அறுந்துவிடும். முடிந்தபின் கேளுங்கள். சொல்லை மட்டும் குறிக்காமல் அவர் சொன்ன வசனத்தை அப்படியே எழுதுங்கள், ஊரையும் திகதியையும் போடுங்கள். போனில் பதிவதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். போனை மேசையில் வைத்தால் விசிறிச் சத்தமும் சேரும், மடித்த சீலைத்துண்டின்மேல் வையுங்கள்.

மூன்றாவது கிழமையில் ஒரு தளர்ச்சி வரும். விடுபட்ட நாட்களை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள், முக்கியமாக மழையை. நாலு நாள் அளக்காவிட்டால் போத்தலில் நிற்கும் மொத்தத்தை "நாலு நாளுக்கு" என்று ஒரே வரியில் எழுதினால் சரி, கணக்கு கெடாது. அளக்க முடியாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். வாசிப்பு விட்டுப்போனால் விட்டதுதான். அடுத்த நாள் இருபது பக்கம் வாசித்து ஈடுகட்டப் போகாதீர்கள், அங்கேதான் ஆட்கள் மொத்தமாகக் கைவிடுகிறார்கள்.

முதல் நல்ல மழைக்கு அடுத்த காலை மட்டும் ஒன்றையும் தவறவிடாதீர்கள். ஈர மணலில், வளவின் வெளியான பக்கத்தில், தம்பலப்பூச்சி வெளிக்கிடும். பட்டுத்துணியில் வெட்டி எடுத்தது போன்ற சிவப்பு. கால்களை எண்ணச் சொல்லுங்கள் பிள்ளைகளை. எட்டு வரும், அதனால் அது பூச்சியினம் இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். தொட்டால் காலை மடித்துச் செத்ததுபோல் கிடந்து, கொஞ்ச நேரத்தில் எழும்பி நடக்கும். நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்தால் காய்ந்து செத்துவிடும். சிரட்டையில் ஈர மணல் போட்டு அரை மணி பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். மண்ணுக்கு மேலே அவை தெரிவது சில நாட்கள்தான், அதுவும் காலையில். எட்டரைக்கு மழைமானியைப் பார்க்கப் போகும்போது குனிந்து நிலத்தையும் பாருங்கள்.

ஒக்டோபர் 31 பக்கம் முடிந்ததும் மழை வரியைக் கூட்டி முகப்பில் எழுதுங்கள். நவம்பரில் மழை கூடும், எழுதவும் கூட இருக்கும். நவம்பருக்கு 30 நாள் என்றாலும் எட்டுத் தாளைக் குறைக்காதீர்கள், கூட்டுவதென்றால் பத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் நடுத்தாள்கள் வெளியே தள்ளி நிற்கும், பிளேட்டால் ஓரம் வெட்ட வேண்டி வரும்.